ஒரு நிமிடம் தாமதமாகப் போன பட்டியல்

தை 18, வெள்ளி

ஒன்பது மணி வரை பனி. ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தும் புடவை நனைந்தது.

இன்றைக்கு வேலை ஒன்றே ஒன்று. ஆன்லைனில் பட்டம் படிப்பவர்களுக்கு நம் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் தேர்வு. படிப்பு வீட்டிலிருந்தபடி, தேர்வு மட்டும் கண்காணிப்பில். மையப் பொறுப்பாளர் நான். தேர்வு நடத்துகிறோம் என்று உறுதி சொல்லி, ஒன்பது பேர் பட்டியலைப் பல்கலை. தளத்தில் ஏற்ற வேண்டும். கடைசி நேரம் பகல் 12.00.

10.15, பிரின்சிபால் கையெழுத்து. 10.40, எல்லாம் தயார். பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் கண் காலண்டர் மேல் போயிற்று. வெள்ளி, ராகு காலம் 10.30 முதல் 12.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று ஸ்டாஃப் ரூமில் சத்தம் போட்டுச் சொல்கிறவள் நான். நம்பிக்கை இல்லைதான். ஆனாலும் எதற்கு வம்பு? ஒன்பது பேர் படிப்பு. பன்னிரண்டு அடித்ததும் அனுப்பிவிடலாம். எந்த ஆபீசில் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு?

அதுவரை உட்கார்ந்து மவுஸ்களைத் துடைத்தேன்.

12.01-க்கு அழுத்தினேன். காலக்கெடு முடிந்தது என்று வந்தது. மறுபடியும் அழுத்தினேன். எட்டு தடவை.

3 மணிக்கு மெயில். உறுதி செய்யாததால் நம் மையம் நீக்கம். ஒன்பது பேரும் சென்னைக்குப் போய் எழுத வேண்டும். தேர்வு தை 27, ஞாயிறு.

வீட்டில் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.


தை 19, சனி

காலையில் பல்கலை. தேர்வுப் பிரிவுக்கு போன். நாலாவது முறை எடுத்தார்கள்.

"சிஸ்டம் லாக் ஆயிடுச்சு மேடம். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

"யாரால முடியும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது மேடம்."

"சார், யாரால முடியும்னு சொல்லுங்க. நான் வைக்க மாட்டேன்."

கடைசியில் வாயைத் திறந்தார். திருச்சி மண்டல அதிகாரி எழுதிக் கொடுத்தால் திறக்கலாம். ஒன்பது பேரும் கையால் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். செவ்வாய்க்குள்.

பிறகு மாணவர்களுக்கு போன்.

ரஃபீக், நாகூர், செருப்புக் கடை. "ரயில்ல போயிடலாம் மேடம். ஆனா நம்ம சென்டர்னா சௌகரியம்."

நந்தினி, திருவாரூர், ஏழு மாதம். அவள் அம்மா போனைப் பிடுங்கி, "புள்ளத்தாச்சிய மெட்ராசுக்கா? முடியாதுங்க."

மற்ற ஆறு பேர்: முனகல் நாலு, திட்டு இரண்டு. திட்டு நியாயம்.

கனகாவுக்குக் கடைசியாகப் பேசினேன். தள்ளிப்போட்டேன் என்பதே உண்மை. கொரடாச்சேரிப் பக்கம் அங்கன்வாடிப் பணியாளர். பட்டம் வந்தால் மேற்பார்வையாளர் பதவி. பாக்கி ஒரே ஒரு பேப்பர். படிப்பை முடிக்கப் பல்கலை. கொடுத்த ஆண்டுகள் இந்தத் தேர்வோடு முடிகின்றன. தவறினால் முதல் பாடத்திலிருந்து திரும்பப் படிக்க வேண்டும்.

"சென்னைக்கு எப்படி மேடம் வர முடியும்? வர்ற சனிக்கிழமதான் அறுப்பு மிஷினு நமக்கு மொற. குத்தக நெலம். நெல்ல ரோட்டுல கொட்டிட்டு யார நம்பிப் போறது? மாமியா வேற படுத்த படுக்கை." பிறகு, "ஏன் மேடம் மாத்துனாங்க?"

"சிஸ்டம் கோளாறு," என்றேன்.

சொல்லும்போது வாய் கூசவில்லை. இப்போது எழுதும்போது கூசுகிறது.


தை 20, ஞாயிறு

ஸ்கூட்டரில் முழு நாள். பெட்ரோல் இரண்டு தடவை. ரோட்டில் பாதிக்கு நெல் காய்கிறது. மீதிப் பாதியில் பஸ்ஸும் நானும்.

நாகூர் வரை போய்த் திரும்பியதில் எட்டுக் கையெழுத்து. நந்தினி அம்மா மோர் கொடுத்து, "நீங்க இவ்ளோ அலையணுமா?" என்றார். குடித்தேன். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மாலையில் கனகா. வரப்பில் நின்று வயல் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் இறங்க வேண்டுமே. கையைப் புடவையில் துடைத்துவிட்டு, ஸ்கூட்டர் சீட்டிலேயே பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "நடக்குமா மேடம்?"

"நடக்கும்."

இதையும் எழுதிவிட வேண்டும். போன ஆனி மாதத் தேர்வு. 9.30-க்குக் கதவை மூடிவிட வேண்டும், அது விதி. கனகா 9.34-க்கு வந்தாள். பஸ் பழுதாகி, கடைசி இரண்டு கிலோமீட்டர் ஓட்டமும் நடையுமாக. விதியைக் காட்டித் திருப்பினேன். அவள் போகவில்லை. தேர்வு முடியும் வரை சைக்கிள் ஸ்டாண்டில் நின்றாள். வெளியே வந்த நான், "அடுத்த தடவ சீக்கிரம் கிளம்புங்க," என்று புத்தி சொல்லிவிட்டுப் போனேன். அன்று விட்டுப்போன பேப்பர்தான் இந்த ஒரே பாக்கி. அதனால்தான் அவளுக்கு இந்தத் தேர்வு கடைசி வாய்ப்பு.

எனக்கு இதை யோசித்து அழ நேரமில்லை. நாளை முதல் பஸ்.


தை 21, திங்கள்

திருச்சி. 10.20-க்கு அதிகாரி அறை வாசலில். 10.45-க்கு உள்ளே விட்டார்கள். வயதானவர், நிதானம். ஒன்பது கடிதங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். இப்படிப் படிக்கிற அதிகாரியை நான் பார்த்ததில்லை.

"ஏம்மா லேட்டு?"

நெட் கட் என்று சொல்லலாம் என்று பஸ்ஸில் தீர்மானித்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் உண்மை வந்துவிட்டது. "ராகு காலம் முடியட்டும்னு இருந்தேன் சார்."

சிரிப்பார், அல்லது கத்துவார் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினார். "இத எழுத முடியாதே. நெட் பிரச்சனைன்னு எழுதிக் குடுங்க."

"வேண்டாம் சார். என் தவறு, ஒரு நிமிஷம் தாமதம்னே எழுதறேன். மெமோ வந்தா எனக்கு வரட்டும்."

எழுதிக் கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்தார். பேனாவை மூடினார்.

"சார், கையெழுத்து?"

"உக்காருங்க. எமகண்டம் பன்னெண்டு வரைக்கும் இருக்கு. நல்ல காரியம், எதுக்கு வம்பு?"

ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. என்னை எதிரில் உட்கார வைத்துப் பார்ப்பது போல் இருந்தது. 12.05-க்குக் கையெழுத்து.

நிபந்தனை: லேபில் கேமரா முழு நேரமும் ஓட வேண்டும், சென்னையில் பார்ப்பார்கள். 9.30-க்குக் கதவு மூடப்பட வேண்டும். ஒருவருக்குச் சலுகை காட்டினாலும் ஒன்பது பேர் தாளும் செல்லாது.

திரும்பும் பஸ்ஸில் வாயைத் திறந்தபடி தூங்கினேன். பக்கத்து அம்மாள் எழுப்பினார்.


தை 24, வியாழன்

மையம் திரும்ப வந்துவிட்டது. ஹால் டிக்கெட் ஒன்பதும் வந்தாயிற்று.

பார்க்க வேண்டியவை:
யு.பி.எஸ். – முக்கால் மணி தாங்கும். சரி.
ஜெனரேட்டர் டீசல் – வாட்ச்மேன் "இருக்கும்மா" என்றார். திறந்து பார்த்தேன், இல்லை. நிரப்பியாயிற்று.
கேமரா – சென்னையிலிருந்து பார்த்துவிட்டார்கள். ஜன்னல் திரை போடச் சொன்னார்கள், பாதி உயரத்துக்கு.
மின்வாரியம் – ஞாயிறு மின்தடை உண்டா? லைன்மேன்: "சொல்லாம நிறுத்த மாட்டோம் மேடம்." நம்பவில்லை. சனியன்று மறுபடி கேட்க வேண்டும்.
இரண்டாவது கண்காணிப்பாளர் – கணக்கு சார். ஒப்புக்கொண்டார், ஞாயிறு தூக்கம் போகிறது என்ற முகத்தோடு.

மூன்று மணிக்குக் கனகா ஹால் டிக்கெட் வாங்க வந்தாள். லேபில் நாங்கள் இருவர்தான். சொல்லிவிட்டேன். சிஸ்டம் கோளாறு இல்லை, நான்தான் என்று. ராகு காலம், 12.01, திருச்சி, எல்லாம்.

கேட்டுக்கொண்டாள். "எத்தன நிமிஷம் மேடம் லேட்டு?"

"ஒண்ணு."

"ஓ."

ஹால் டிக்கெட்டை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.


தை 26, சனி

மின்தடை இல்லை, உறுதி. லைன்மேனை மூன்று தடவை கேட்டதில் அவருக்கு என் குரல் பழகிவிட்டது.

ஒன்பது பேருக்கும் போன்: எத்தனை மணி பஸ், எங்கே ஏறுகிறீர்கள், அது தவறினால் அடுத்தது எது. ஒரு தாளில் எழுதி வைத்தேன். "ஸ்கூல் புள்ள மாதிரி கேக்கறீங்களே," என்றான் ரஃபீக். ஆமாம், கேட்கத்தான் செய்வேன்.

கனகா போனில் மிஷின் சத்தம். "வந்துடுவேன் மேடம்," என்று மட்டும்.


தை 27, ஞாயிறு

6.00. கரண்ட் இருக்கிறது.

7.40. வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும் முன்பே கனகா நிற்கிறாள். கழுத்தெல்லாம் நெல் சுணை, சொறிந்து சொறிந்து சிவந்திருக்கிறது. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். புங்க மரத்தடியில் உட்கார்ந்து படித்தாள்.

8.50. எட்டு பேர் வந்தாயிற்று. நந்தினிக்கு முதுகுக்குத் தலையணை கொடுத்தாயிற்று. ரஃபீக் இல்லை.

9.05-க்கும் வராததால் போன் செய்தேன். "பஸ் நிக்கிது மேடம். மிஷின் ஏத்துன லாரி வாய்க்கா பாலத்துல மாட்டிக்கிச்சு. நாலு கிலோமீட்டர் இருக்கும். எறங்கி ஓடி வரவா?"

ஆனி மாதத்து நானாக இருந்தால் விதியைச் சொல்லிப் போனை வைத்திருப்பேன். விதி அதேதான். கேமராவும் ஓடுகிறது. கடிகாரத்தைத் தள்ளி வைக்க முடியாது. ஆனால் 9.30-க்கு இன்னும் நேரம் இருக்கிறதே, ஸ்கூட்டர் இருக்கிறதே.

"ஓடி வாங்க. நான் எதுருல வர்றேன்."

சாவியைக் கணக்கு சார் கையில் கொடுத்தேன். "சார், 9.30-னா மூடிடுங்க. நான் வெளிய இருந்தாலும் மூடிடுங்க."

காயும் நெல்லில் ஏற்றாமல் ஓட்டுவதே பெரும்பாடு. ஒரு இடத்தில் ஓரம் ஏற்றிவிட்டேன். "ஏய், கண்ணு தெரியலயா?" என்றார் ஒருவர். மன்னிப்புக் கேட்க நிற்கவில்லை. பாலத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே ரஃபீக், சட்டை முழுக்க வேர்வை, செருப்பு கையில். ஏற்றிக்கொண்டேன்.

9.27. அவன் முன்னால், நான் பின்னால், இருவருக்கும் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தோம். கனகா தன் இடத்திலிருந்து எங்களைப் பார்த்தாள். ரஃபீக்கைப் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். திரும்பிக்கொண்டாள்.

9.30. கதவு மூடியாயிற்று. ஒன்பது பேர்.

12.30. முடிந்தது. கரண்ட் போகவில்லை, டீசல் அப்படியே இருக்கிறது. நந்தினியை அவள் அம்மா கைத்தாங்கலாக அழைத்துப் போனார். ரஃபீக் மூன்று தடவை நன்றி சொன்னான்.

கனகா கடைசியாக எழுந்தாள். கையெழுத்துப் போட வந்தபோது, எப்படி எழுதினீங்க என்று கேட்டேன்.

"பாஸாயிடுவேன் மேடம்," என்றாள். பேனாவை மூடி மேசை மேல் வைத்தாள். "அன்னைக்கே ஆயிருப்பேன்."