ரிசல்ட் வராத காய்ச்சல்

என் வாயாடி மல்லிகா அக்காவுக்கு,

இன்றைக்கு யாழினியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்தேன். எல்.கே.ஜி. கேட் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தவள், மிஸ் கையைப் பிடித்ததும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். தொண்டை அப்படியே உன் தொண்டை. பெத்தது நான், குரல் மட்டும் எப்படி அக்காவுடையதாகப் போனது என்று உன் கொழுந்தனிடம் கேட்டேன். "அண்ணி வளர்த்த புள்ள, வேற எப்படி இருக்கும்?"னு சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. போன மாசியில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள், அப்படியே போய்விட்டாய். இத்தனை மாசமாக உன்னோடு மனசுக்குள் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. நீ பதில் பேசாமல் இருக்கிற ஆளா? அதனால் இன்றைக்கு எழுதியே விடுகிறேன்.

வேறு யாராவது படித்தாலும் புரியட்டும். நாம் ஓரகத்திகள். நீ அண்ணன் மனைவி, நான் தம்பி மனைவி. செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் ஒரே வீடு, இரண்டு அடுப்பு. அடுப்பு பிரிந்ததற்குச் சொத்துத் தகராறு எல்லாம் காரணமில்லை, உன் மிளகாய்த்தூள்தான் காரணம். நான் மருமகளாக வந்த புதிதில் உன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தேன். "காரம் ஜாஸ்தியாயிடுச்சாடி?"னு அக்கறையாகக் கேட்டாய். மறுநாளும் அதே அளவுதான் போட்டாய்.

மாமியார் இருந்தவரை அவர் எதிரில் உன்னை "வாங்க, போங்க" என்பேன். அவர் நகர்ந்ததும் "நீ, வா, போ" தான். துணி காயப்போடுகிற கயிற்றுக்குச் சண்டை, தண்ணீர் மோட்டார் போடுவதற்குச் சண்டை. சண்டை போட்ட சாயங்காலமே ஒரு கிண்ணத்தில் சுண்டல் அனுப்புவாய். அதிலும் காரம்தான்.

பன்றிக்காய்ச்சல் வந்த வருஷத்தை நினைத்துக்கொண்டேன் அக்கா. யாழினி பள்ளிக்கூடக் கேட்டில் அழும்போது, அன்றைக்கு என் மூத்தவள் பவி பையைத் தூக்கிக்கொண்டு அழுதபடி திரும்பி வந்தது ஞாபகம் வந்துவிட்டது.

பவிக்கு அப்போது பன்னிரண்டு வயசு. டி.வி.யில் எந்நேரமும் மூக்கு மூடிய முகங்கள். மாடி ரூமில் நீ பார்த்துப் பார்த்துக் குடிவைத்த, ஆசிரமத்துக்கு வந்த இத்தாலிக்காரம்மா இருந்தாள். உன்னைக் கண்டால் "மல்லி, மல்லி" என்று உருகுவாள். அவளுக்கும் நீ உன் காரக்குழம்பை ஊற்றினாய், அவளும் கண்ணில் தண்ணீர் வழிய "குட், குட்" என்றாள். அந்த வாரம் அவள் இருமினாள். நம் சந்து தூசிக்கு இருமினாளா, காய்ச்சலால் இருமினாளா, யாருக்குத் தெரியும்? டிக்கெட் போட்டிருந்த நாளில் ஊருக்குப் போய்விட்டாள்.

மறுநாளே பள்ளிக்கூடத்தில், வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற வீட்டுப் பிள்ளைகள் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பவிக்கு வந்த அழுகை அந்த அழுகைதான். இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தையே மூடினார்கள். கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, மறு அறிவிப்பு வரும்வரை விடுமுறை என்று. அதைக் கேட்டதும் நீ கை தட்டிச் சிரித்தாய். "பாத்தியாடி பவி, உன்ன மட்டும் லீவு வுட்டா நல்லா இருக்காதுன்னு எல்லாத்துக்கும் வுட்டுட்டாங்க" என்றாய். அழுதுகொண்டிருந்த பிள்ளை சிரித்துவிட்டது.

எப்போது திறப்பார்கள் என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. உன் கொழுந்தன் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வண்டி ஓட்டுகிறவர் இல்லையா, தினமும் ஒரு சேதி கொண்டுவருவார். திங்கட்கிழமை திறக்கிறாங்களாம். இல்லையாம், பரீட்சையே தள்ளிப்போகுதாம். ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குத்தான் லீவு, பௌர்ணமிக்கு லீவு இல்லை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கூட்டம் செங்கம் ரோட்டில் கிரிவலம் போய்க்கொண்டே இருந்தது. "அம்மா, அவ்ளோ பேர் போறாங்க, நான் மட்டும் ஏன் ஸ்கூலுக்குப் போகக்கூடாது?"னு பவி கேட்டாள்.

நான் அப்போது ஏழு மாசம். பவிக்குப் பிறகு இரண்டு தங்காமல் போய், பன்னிரண்டு வருஷம் கழித்து நின்ற வயிறு. வெட்கமும் பயமுமாகச் சுமந்துகொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வளைகாப்பு என்று நீ நாள் குறித்திருந்தாய். வெள்ளிக்கிழமை காலையில் பவிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

டவுனுக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு நீதான் கூட வந்தாய். தொண்டையில் பஞ்சு விட்டு எடுத்துச் சென்னைக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். அந்த டாக்டரம்மா என் வயிற்றைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க இந்தப் பொண்ணு பக்கத்துலயே போகக்கூடாதும்மா. அது என்ன காய்ச்சல்னு தெரியற வரைக்கும் கூடவே கூடாது. மாசமா இருக்கறவங்களுக்கு இது ரொம்ப ஆபத்து" என்றாள். பெற்ற பிள்ளை நெருப்பாகக் கொதிக்கிறது, தொடாதே என்கிறாள்.

நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாடி ரூமைத் திறந்து, பினாயில் ஊற்றிக் கழுவி, பவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறினாய். நான் பின்னாலேயே ஓடிவந்தேன். "கீழயே நில்லுடி! ஒரு படி ஏறினே, காலை ஒடிச்சுடுவேன்" என்று கத்தினாய். என் மேல் நீ நிஜமாகவே கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"உனக்கு ஒட்டிக்கிச்சுன்னா?"னு கீழேயிருந்து கேட்டேன்.

"ஒட்டிக்கினா ஒட்டிக்கட்டும். என் புள்ள ஓசூர்ல வேலைக்குப் போயிட்டான். என் வூட்டுக்காரர், அதான் உன் மாமா, நான் இல்லன்னா நிம்மதியா நியூஸ் பாப்பாரு. உனக்கு வயித்துல ஒண்ணு, மாடியில ஒண்ணு. போய்க் கஞ்சி வை."

அன்றைக்கே சந்தில் பரவிவிட்டது. பால்காரர் பாலைத் தெருமுனையில் வைத்துவிட்டுப் போன் செய்தார். எதிர்வீட்டு ரேவதி, தினம் நம் வீட்டில் கறிவேப்பிலை பறிக்கிறவள், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நம் கேட்டைத் தாண்டி ஓடினாள். பவியின் சிநேகிதிக்குப் போன் போட்டால் அவள் அம்மா எடுத்து "ராங் நம்பர்" என்றாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வரப்போகிறார்கள் என்றுகூட ஒரு பேச்சு. சொந்த வீட்டை யார் காலி செய்யச் சொல்ல முடியும்? ஆனாலும் பயந்து கிடந்தேன்.

மறுநாள் விடிந்து பார்த்தால் நம் கேட்டில் கொத்துக் கொத்தாக வேப்பிலை. வாசலில் மஞ்சள் தண்ணீர். நீதான் மாடியிலிருந்து இறங்கிக் கட்டிவிட்டு மறுபடி ஏறியிருக்கிறாய்.

ஒரே காலையில் சந்து மாறிப்போனது. முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய ரேவதி, கேட்டுக்கு எட்டி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அடடா, ஆத்தாவா வந்திருக்கா! நாங்க வேற என்னென்னமோ நினைச்சுட்டோம். எப்ப வந்தா?" என்று உருகினாள். இளநீர் கொண்டுவந்து சுவர் மேல் வைத்தாள். பால்காரர் கேட்டருகே வந்து பாலை வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். அம்மை போட்ட வீடென்றால் நம் ஊருக்குத் தெரியும் அல்லவா? யாரும் உள்ளே வரமாட்டார்கள், நாமும் யார் வீட்டுக்கும் போகக்கூடாது, தாளிப்பு வாசனை கூடாது, படுக்கிறவள் தனியே படுக்கணும். பன்றிக்காய்ச்சலுக்கு டி.வி.யில் சொன்னதும் அதேதான். ஆனால் அதற்குத் துரத்தினார்கள், இதற்குக் கும்பிட்டார்கள்.

படிக்கட்டுக்குக் கீழே நின்று, "அக்கா, சாமி விஷயத்துல பொய் சொல்லலாமா? குத்தம் ஆயிடாதா?" என்றேன்.

நீ மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு கேட்டாயே ஒரு கேள்வி. "நான் யார்கிட்டயாச்சும் அம்மைன்னு சொன்னேனா? வேப்பிலை கட்டினேன், அவ்ளோதான். அதுவுமில்லாம, அது இன்னா காய்ச்சல்னு டாக்டருக்கே தெரியல. அம்மை இல்லன்னு மட்டும் உனக்கு எப்பிடிடி தெரியும்?"

வளைகாப்பும் போனது. அம்மை வீட்டில் எங்கே வளைகாப்பு நடத்துவது?

அந்த நாட்களில் எனக்கு வேலை ஒன்றுதான். கஞ்சி வைத்துப் படிக்கட்டின் நடுவில் வைப்பேன், இறங்கிவந்து குரல் கொடுப்பேன். நீ எடுத்துப் போவாய். அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு படிக்கட்டின் அடியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு மத்தியானம் ஜுர வேகத்தில் பவி "அம்மா, அம்மா" என்று அரற்றினாள். நான் எழுந்தேவிட்டேன். அதற்குள் "இங்கதாண்டி இருக்கேன், தங்கம்" என்று உன் குரல் கேட்டது. அவள் அடங்கிவிட்டாள். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, எனக்கு வயிறு எரிந்தது. நன்றி எல்லாம் அப்புறம்தான் வந்தது. என் பிள்ளை என்னைக் கூப்பிட, இன்னொருத்தி பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ரிசல்ட் மூன்று நாளில் வரவில்லை. உன் கொழுந்தன் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடந்தார். சாம்பிள் ஜாஸ்தியாம், லேட்டாகுமாம். அதற்குள் பவிக்குக் காய்ச்சல் விட்டது. வேப்பிலைத் தண்ணீர் ஊற்றித் தலை முழுக வைத்து, மாடியில் நிற்கவைத்து எனக்குக் காட்டினாய். ஈர்க்குச்சியாக இளைத்துப்போய் நின்று கையை ஆட்டினாள். அன்றைக்கு ஓவென்று அழுதேன்.

அவள் கீழே இறங்கினாள், நீ இறங்கவில்லை. உனக்குக் காய்ச்சல் வந்திருந்தது. பவியிடம்கூடச் சொல்லாமல் மறைத்திருக்கிறாய். உனக்கு யார் இருந்தார்கள் அக்கா, அந்த ரூமில்? படிக்கட்டில் கஞ்சி வைத்துவிட்டு "அக்கா, எப்படி இருக்கே?"னு கேட்பேன். "உப்பு கம்மி"னு பதில் வரும். உப்பு கம்மி என்று சொல்கிறவரைக்கும் ஆள் இருக்கிறாள் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். ஒருநாள் பதிலே வரவில்லை. மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினார். நீ தூங்கியிருக்கிறாய், அவ்வளவுதான். அந்த அரை நிமிஷம் எனக்கு உயிரே இல்லை.

நீயும் தேறினாய். பள்ளிக்கூடமும் திறந்தது. பவி போனாள், ராங் நம்பர் சொன்ன வீட்டுப் பிள்ளையோடுதான் ஒட்டிக்கொண்டு திரும்பிவந்தாள். ஆனால் உன் வறட்டு இருமல் மட்டும் விடவில்லை. ரிசல்ட்டும் வரவில்லை.

யாழினி ஐப்பசியில் பிறந்தாள். பிரசவ வார்டில் என் கையைப் பிடித்துக்கொள்வேன் என்று முதல் மாசத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த நீ, ஆஸ்பத்திரிக்கு வெளியே ரோட்டோரம் நின்றிருக்கிறாய். மழை வேறு. உள்ளே வரச் சொல்லி மாமா கெஞ்சியும் வரவில்லையாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்தும் நீ குழந்தையைத் தூக்கவில்லை. வாசற்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாய், முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாய், போய்விடுவாய். இருமல் நின்று போன பிறகும் அதேதான். இருபத்துநாலு மணி நேரமும் பேசுகிறவள், பேச்சையும் குறைத்துவிட்டாய்.

ஒரு காலை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு நேராக உன் சமையலறைக்கு வந்தேன். நீ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். "கையக் கழுவிட்டு வந்து உக்காரு" என்றேன்.

"வேணாண்டி. ரிசல்ட் வரலடி" என்றாய். உன் குரல் அவ்வளவு சின்னதாகக் கேட்டதே இல்லை. "எனக்கு வந்தது இன்னான்னே தெரியல. உனக்கு எத்தனை வருஷம் கழிச்சுப் பொறந்த புள்ள. ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா என்னால தாங்க முடியாது சுமதி."

"நீ மாடிக்கு ஏறும்போது ரிசல்ட் வந்திருந்துச்சா?" என்று கேட்டேன்.

நீ எழுந்து சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினாய். கழுவினாய், கழுவிக்கொண்டே இருந்தாய். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாய். உன் மடியில் போட்டேன். அவள் கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்தாள். நீ அழுத அழுகையில் குழந்தையும் அழுதது, நானும் அழுதேன், மாமா நியூஸை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

அந்த ரிசல்ட் இன்றுவரைக்கும் வரவில்லை அக்கா. அது பன்றிக்காய்ச்சலா, வேறு காய்ச்சலா, ஆத்தாவேதானா, நமக்குத் தெரியாது. அது பன்றிக்காய்ச்சல் இல்லை என்று தெரிந்துகொண்டு நீ மாடிக்குப் போயிருந்தால் என் பிள்ளைக்குத் துணைக்கு இருந்தாய் என்று சொல்லிவிட்டுப் போவேன். தெரியாமல் போனாயே, அதற்கு நான் என்ன பேர் வைப்பது?

பவி இப்போது பிளஸ் ஒன். உன் புகைப்படத்துக்கு அவள்தான் தினமும் பூ மாற்றுகிறாள். மாமாவுக்கு என் அடுப்பில்தான் சாப்பாடு. காரம் கம்மி, காரம் கம்மி என்று தட்டைத் தள்ளுகிறார். திட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக மிளகாய்த்தூளைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். இந்த வீட்டில் இனி யார் எந்தக் காய்ச்சலில் படுத்தாலும், அதன் பேர் தெரியட்டும் என்று நான் வாசலில் நிற்க மாட்டேன். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போவேன்.

சண்டை போட ஆளில்லாமல் தவிக்கிற உன் ஓரகத்தி, உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
சுமதி