ஸ்பீக்கரில் பழுதில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் அறைத்தோழர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் இதைத் தொடங்கினால் உடனே பந்து, கோல் என்று பேச்சை மாற்றிவிடுவாய். காகிதத்திடம் அந்த வித்தை பலிக்காது.

என் உடம்பு தேவலை. இடது தோளுக்குக் கீழே அந்தப் பெட்டியை வைத்து ஏழு வாரம் ஆகிறது. தீப்பெட்டி அளவுக்கு மேடு தட்டியிருக்கிறது. இதயத் தசை தடித்திருக்கிறது, துடிப்பு தறிகெட்டால் பெட்டி உள்ளேயே ஓர் உதை கொடுத்துச் சரிசெய்யும் என்றார் டாக்டர். இருபத்தாறு வயதில் இதைக் கேட்டால் அழுகை வரவேண்டும். எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். என் பங்கையும் சேர்த்து அம்மாதான் அழுகிறாள். குளியலறையில் ஐந்து நிமிடம் சத்தம் இல்லாவிட்டால் கதவைத் தட்டுகிறாள். அதனால் பாடிக்கொண்டே குளிக்கிறேன். என் குரல் உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டார்தான் பாவம்.

திங்கள் முதல் ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் கடைக்கு மறுபடியும் போகிறேன். காந்தம் எதுவும் நெஞ்சுக்கு அருகில் வரக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஸ்பீக்கர் என்றாலே காந்தம்தானே? எட்ட வைத்து வேலை செய்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். ஆனால் ஆறு வருடப் பழக்கம். வியாழக்கிழமை ஒரு பெரிய ஸ்பீக்கரை எப்போதும்போல் மார்போடு அணைத்துத் தூக்கிவிட்டேன். பீப் பீப் என்று சத்தம். ஸ்பீக்கர்தான் கத்துகிறது என்று முதலாளி அதை வாங்கி, கரண்டே கொடுக்காத ஸ்பீக்கரைத் திருகாணி கழற்றிப் பார்த்தார். இதுல ஒண்ணும் இல்லையேம்மா என்று தலையைச் சொறிந்தார். கத்தியது நான்தான் என்றேன். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை. போய் டீ குடித்தேன்.

சாயங்காலம் டாக்டரிடம் போனேன். பெட்டி நன்றாக இருக்கிறதாம். இது குடும்பத்தில் வரும் நோய், கூடப் பிறந்தவர்கள் யாராவது மயங்கி விழுந்ததுண்டா என்று மறுபடியும் கேட்டார். முன்பு இரண்டு தடவை இல்லை என்று சொன்னவள், இந்தத் தடவை சொல்லிவிட்டேன். பதின்மூன்று வயதில் ஓடும்போது மைதானத்தில் நீ விழுந்ததை, உன் உதடு நீலம் பாரித்ததை, எழுந்ததும், அம்மாவுக்குத் தெரிஞ்சா விளையாட விடமாட்டாங்கக்கா என்று உன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியதை. உன் தலைமேல் செய்த சத்தியம் என்பதால்தான் பத்து வருடம் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். இந்த ஏழு வாரத்தில் எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

டாக்டர் உனக்காக எழுதிய சீட்டு இத்துடன் இருக்கிறது. இதயத்தை ஸ்கேன் எடுக்க அரைமணி நேரம் ஆகும், வலிக்காது. அடுத்த மாதம் அணித் தேர்வு முடியட்டும் என்பாய். வேண்டாம்டா. ஸ்கேன் பார்த்து அங்குள்ள டாக்டர் சரி என்று சொல்லும்வரை பந்தைத் தொடாதே.

சத்தியத்தை மீறியவள் என்று என்மேல் கோபமா? இருக்கட்டும். எண்பது வயது வரைக்கும் என்னோடு பேசாமல் இரு, கண்ணா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா