பெயர் போடாதவருக்கு ஓர் அர்ச்சனை

வியாழன், இரவு

புது லேப்டாப்பில் என் டியூஷன் வினாத்தாள்கள் எல்லாம் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த வினை. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். எல்லாவற்றையும் மறுபடி அடிக்கக் கண் ஒத்துழைக்காது. கண் மங்கி வருவதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

எதிர்வீட்டு ஷமீம்தான் வந்து, "இதுக்கு இலவசமாவே ஒரு மென்பொருள் இருக்கு டீச்சர், போட்டுப் பாப்போம்" என்றாள். ஒரே அழுத்து. என் தமிழ் அப்படியே திரும்பி வந்தது.

"யாரும்மா இதைச் செஞ்சது?"

"பேர் போடலைங்க. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு மட்டும் எழுதியிருக்கு."

நாளை சமயபுரம் போகிறேன். அந்த மனிதருக்கு ஓர் அர்ச்சனை செய்ய வேண்டும். பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள். "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொல்லிவிடுவேன்.