காரினின் கடிதத்தில் சிவப்பு மை

மார்லிஸ்,

நீ தூங்கட்டும் என்று எழுப்பவில்லை, காரின் இருக்கும் டுலூத் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். பனி கூரையை எட்டுகிறது, வண்டி என்னைவிடக் கிழம், ஆனாலும் பறப்பேன்! அடுப்பில் சூப் இருக்கிறது. குழாய்க்காரர் பத்து மணிக்கு வருவார், கதவைத் திற.

நம் மகள் எழுதிய கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியது தப்புதான். பத்து லட்சம் பிள்ளைகளின் இங்கிலீஷில் 'ஆன்', 'அட்', 'இன்' திருத்திய வாத்தியார் கை, சும்மா இருக்குமா? "எத்தனை மார்க்குப்பா? ஆபரேஷனுக்கு நீங்க வரவே வேணாம்"னு போனில் அழுதாளே, அந்த ஆபரேஷன் இன்றைக்கு. உள்ளே விடாவிட்டால் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்பேன்.

ஆர்விட்

பி.கு: ஆபரேஷன் கிழமைக்கு 'ஆன்', மணிக்கு 'அட்' என்று சரியான சொல்லைப் போட்டேன், மார்லிஸ். மார்பை எடுக்கப்போகிறார்கள் என்று அதே வரியில் எழுதியிருந்தாள். அதை நான் வாசிக்கவே இல்லை.