பாதி முகத்துக் களிம்பு

சேசு, மரி, சூசை துணை

குன்னூர் மலை,
1931 ஜனவரி 8

பிரியமுள்ள ஜெஸிந்தாவுக்குச் சில்வஸ்டர் எழுதுவது. நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமாயிருக்க வேண்டும்.

பிள்ளை பிறந்து ஒரு மாதமாகியும் தகப்பன் வராததால் ஞானஸ்நானம் தள்ளிப்போகிறதென்று கோயமுத்தூர்ச் சாமியார் கோபித்ததாக எழுதியிருந்தாய். அவர் கோபம் நியாயமே. எனக்கு லீவு கிடைக்காத காரணத்தைச் சொன்னால் அவர் நம்பமாட்டார். காரணம் என் இடது கன்னம்.

எங்கள் எஸ்டேட் துரை தேயிலையை மறந்து சீமைப் புதினாவைப் பிடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். அதைக் காய்ச்சி வடித்த தைலத்தைத் தேன்மெழுகிலும் பாதாம் எண்ணெயிலும் கலந்து, முகத்துக்குக் குளிர்ச்சி தரும் களிம்பு செய்கிறார். பேசினால் வாயில் புகை வரும் மார்கழியில் குளிர்ச்சிக்கு ஒரு களிம்பு! முட்டைக்கோஸ் பயிரிடும் கேத்திக்காரர்களிடமே முட்டைக்கோஸ் விற்கப் போவதுபோல் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர்கள் அப்படியெல்லாம் சொல்வதில்லை.

தினமும் சாயங்காலம் பங்களாவில் என் இடது கன்னத்தில் பூசுவார். வலது கன்னம் ஒப்பிட்டுப் பார்க்க. எப்படி இருக்கிறது என்று கேட்பார். முதல் நாள் மரியாதைக்காகப் பிரமாதம் என்றேன். மறுநாள் தைலத்தை இரட்டிப்பாக்கினார். கன்னம் எரிந்து கண்ணில் நீர் கொட்டியது. அதற்கும் பிரமாதம் என்றேன். கொழுந்து கிள்ளும் கனகமணி, "ஏனுங்க ரைட்டரய்யா, ஒரு கன்னத்துக்கு மட்டும் கண்ணாலமுங்களா?" என்று கேட்டு வரிசையையே சிரிக்க வைத்தாள். லீவு கேட்டால், களிம்பு சரியாகட்டும் என்பார் துரை.

முதல் டப்பா துரைசானிக்காம். அந்த அம்மாள் சீமைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

போன வாரம் உறைபனியில் புதினாப் பாத்திகள் எல்லாம் கருகின. தைலமும் தீர்ந்தது. அன்றும் கூப்பிட்டார். பூசியது வெறும் மெழுகு. வாசனையும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. எப்படி என்றார். நல்ல குளிர்ச்சி என்றேன். தலையாட்டிவிட்டு, நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வெளியே வந்ததும் பட்லர் அம்புரோஸ் சொன்னார்: "களிம்புக்கா கூப்புடறாருன்னு நெனச்சீங்க? இத்தாம்பெரிய ஊட்டுல அவருக்குப் பேச ஆளில்லீங்க."

அதன் பிறகும் அந்த வெறும் மெழுகைப் புகழ்ந்து கொண்டுதான் இருந்தேன். தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறவனுக்கு அந்த நாற்காலி அவ்வளவாகக் கசக்கவில்லை, ஜெஸிந்தா.

நேற்று உன் கடிதம் வந்தது. சாயங்காலம் சொல்லிவிட்டேன்: துரை, இதில் தைலமே இல்லை; நான் போய் என் பிள்ளையைப் பார்க்க வேண்டும். அவர் டப்பாவை மூடினார். தம் கைக்குட்டையை எடுத்து என் கன்னத்தை அவரே துடைத்துவிட்டார். சனிக்கிழமை ரயிலுக்குப் போ என்றார். எப்போது திரும்புவாய் என்று கேட்கவில்லை.

ஞாயிறன்று ஞானஸ்நானம் வைத்துக்கொள்ளலாமென்று சாமியாரிடம் உன் அம்மாவைச் சொல்லச் சொல். பெயர் உன் விருப்பம்.

மலைக்குளிர் பச்சைப் பிள்ளைக்கு ஆகாதென்று உன் அம்மா சொல்வதையும் மறுக்க முடியாது. கம்பளி வாங்கி வைத்திருக்கிறேன். விறகு கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறேன். மனம் இருந்தால் திரும்பும்போது என்னோடு வந்துவிடுங்கள். ராத்திரியில் பாப்பா அழுதால் பங்களா வரைக்கும் கேட்கும். கேட்டால் பாதகமில்லை.

தேவமாதா உங்கள் இருவரையும் தன் போர்வைக்குள் வைத்துக்கொள்வாளாக.

சில்வஸ்டர்