சித்தப்பா படித்த பள்ளிக்கூடம்

26 ஒக்டோபர், சனி
வெயில். அம்மாவோடு நானும் றப்பர் பால் வெட்டப் போனேன். தங்கச்சியின் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர் இடம் மாறிப் போனவர் போனவர்தான், பதிலுக்கு ஆள் இல்லை. அந்தப் பாடவேளையில் பந்தடி. "நாங்க எல்லாரும் மெத்ஸ் பாஸ்தான், பந்து எண்ணத் தெரியும்" என்கிறாள்.

போன வருடம் பத்தாம் வகுப்போடு நான் நின்றதும் இதனால்தான். புரியாமல் உட்கார வெட்கம். கேட்க அதைவிட வெட்கம்.

இதே பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் சித்தப்பா கணக்கில் கெட்டிக்காரராகி கம்பஸுக்குப் படிக்கப் போனார். சண்டைக் காலம். கொழும்பில் ஒரு சோதனைச் சாவடியில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். நான் பிறக்குமுன்.

28, திங்கள்
யட்டியாந்தோட்டையில் ஞாயிறு கணக்கு வகுப்பு. சிங்களத்தில். பேச வரும், கணக்கை அதில் கேட்டதில்லை. ஆனாலும் போக வேண்டும். அம்மாவை விட்டு அப்பாவிடம் கேட்டேன். அப்பா அம்மாவிடமே: "இந்த வீட்டுல இருந்து படிக்கப் போனவன் ஒருத்தன் போதும்."

சித்தப்பாவுக்குப் பிறகு இந்த லயத்து வீடுகளில் யாருமே பிள்ளைகளை வெளியே படிக்க அனுப்பவில்லையாம். அம்மா சொன்னது.

31, வியாழன், தீபாவளி
எண்ணெய்க் குளிப்பு. செத்தவர்களுக்குப் படையல்: இலை, வடை, தாத்தாவுக்கு வேட்டி. சித்தப்பாவுக்கும் அப்பா வருடா வருடம் சட்டை எடுப்பார். படையலில் வைக்கமாட்டார். செத்தார் என்று யாரும் சொல்லவில்லையே. பெட்டிக்குள் போகும்.

பெட்டி மூடவில்லை. அப்பா அழுத்திக்கொண்டிருந்தார். நானும் பிடித்தேன். சொல்லிவிட்டேன்.

"படிச்சதால சித்தப்பா காணாமப் போகலப்பா. கூட்டிட்டுப் போனவங்க திருப்பி அனுப்பல. நான் ஏன் நிக்கணும்?"

அப்பா பெட்டியை இன்னும் அழுத்திப் பூட்டினார்.

2 நவம்பர், சனி
பாவாடை துவைத்தேன். தலைவலி. இரவுச் சாப்பாட்டில் அப்பா, யாரையும் பார்க்காமல்: "காலையில எத்தன மணிக்கு பஸ்ஸு?"

3, ஞாயிறு
அப்பாவும் வந்தார். வகுப்பு முடியும்வரை எதிர்த் தேத்தண்ணிக் கடையில்.

சமன்பாடு புரிந்தது. வட்டம் புரியவில்லை. கை தூக்கினேன். படிப்பிக்கிற சேர் மறுபடி சொன்னார். அப்போதும் இல்லை. இன்னொரு தரம் தூக்கினேன். பின்வாங்குப் பிள்ளைகளிடம் சிரிப்பு. சிரிக்கட்டும்.

பஸ்ஸில் அப்பா வெளங்குச்சா என்றார். பாதி இல்லை என்றேன்.

"அப்ப அடுத்த கெழமையும் போகணும்."

இப்போது நல்ல மழை. மரம் நனைந்தால் நாளை பால் வெட்டு இல்லை. காலை முழுக்க வட்டம்.