மேற்படி என்று அடித்தேன்

3 மார்ச் 1931, செவ்வாய்

பனி நிற்கவே இல்லை. விரல் விறைத்து டைப்ரைட்டரில் பாதி எழுத்து தப்பாக விழுகிறது. மதியம் ஹ்ரிஞ்சுக் வீட்டார் எங்கள் மனநல விடுதி வாசலில் பனிவண்டியில் வந்து இறங்கினார்கள். உக்ரேனிலிருந்து குடியேறியவர்கள். மகன் பெட்ரோவுக்கு இருபத்திரண்டு வயது, மனம் மூன்று வயதில் நின்றுவிட்டது. மகள் டார்யாவுக்குப் பத்தொன்பது, காது கேட்காது, பேச்சும் இல்லை. அவள் ஊட்டினால்தான் அண்ணன் சாப்பிடுவானாம், அதனால் அவளையும் கூடவே சேர்த்தார்கள். விதைப்பு முடிந்ததும் அழைத்துப் போவதாக அம்மா சொன்னதை வண்டிக்காரர் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார்.

சேர்க்கை ரெஜிஸ்டரில் ஒரே வீட்டுக்காரர்களை அடுத்தடுத்த வரியில் அடிப்பது எங்கள் வழக்கம். தந்தை பெயர், ஊர், மதம் எல்லாவற்றுக்கும் கீழே மேற்படி, மேற்படி, மேற்படி. வேலை சீக்கிரம் முடிந்தது, போய்க் குளிர்காய்ந்தேன்.

18 மார்ச், புதன்

டார்யாவைச் சலவைக்கூடத்தில் விட்டிருக்கிறார்கள். அலுவலகத்துக்குத் துண்டு கொண்டுவந்தவள் என் பென்சிலை எடுத்து, "உங்கள் ரிப்பன் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்" என்று எழுதினாள். அச்சுமாதிரி எழுத்து! எங்கே படித்தாய் என்று எழுதிக் கேட்டேன். வீட்டில் குளிர் புகாமலிருக்கச் சுவரெல்லாம் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்களாம், வாத்தியாரம்மா ஒருத்தி சுவரைக் காட்டியே சொல்லிக்கொடுத்தாளாம். "சமையலறைச் சுவர் முழுக்க எனக்கு மனப்பாடம்."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மேட்ரன் கன் அம்மாளிடம் சொன்னேன். "அது பலே கெட்டிக்காரிம்மா. உதட்டைப் பாத்தே பாதி புரிஞ்சுக்குது. நீ மீசைக்காரனா இல்லாம இருந்தா சரி" என்றாள்.

10 ஏப்ரல், வெள்ளி

வரும் வியாழக்கிழமை, மந்தபுத்திக்காரர்களை விசாரிக்கும் அரசாங்க போர்டு கூடுகிறது. ரெஜிஸ்டரில் மந்தபுத்தி என்று இருப்பவர்களின் பட்டியலை அடிக்கச் சொன்னார் எங்கள் தலைமை டாக்டர் பெட்டிஃபர். போர்டு கையெழுத்துப் போட்டால் அறுவை. அப்புறம் பிள்ளை பிறக்காது.

பதினான்கு பேர். பதின்மூன்றாவது வரியில் கை நின்றது. டார்யா ஹ்ரிஞ்சுக்.

இவள் எப்படி இதில்? மூல ரெஜிஸ்டரைப் புரட்டினேன். 'கோளாறு' என்ற கட்டத்தில் பெட்ரோவுக்கு மந்தபுத்தி. அதன் கீழே, டார்யாவுக்கு: மேற்படி.

நான் அடித்தது. காது என்று அடித்திருக்க வேண்டும். கை ஒரே ஓட்டமாக ஓடிவிட்டது. என் கைதான், வேறு யார் கை?

11 ஏப்ரல், சனி

இன்னும் சொல்லவில்லை. தேதி ஒன்றைத் தப்பாக அடித்ததற்கே எனக்கு முன்னால் இருந்தவளை டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். என் அண்ணனுக்கு வேலை போய் ஏழு மாதம். அவன் பிள்ளைகள் மூன்றும் என்னை நம்பித்தான்.

இந்தக் கட்டத்தில் இதுவரை எத்தனை பேருக்கு மந்தபுத்தி என்று அடித்திருக்கிறேன்? திக்குவாய்ப் பையனுக்கு. சர்ச்சில் சிரித்தவளுக்கு. இங்கிலீஷ் தெரியாத கிழவருக்கும். டாக்டர் சொல்வார், நான் அடிப்பேன். என்ன அர்த்தம் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

13 ஏப்ரல், திங்கள்

சொல்லிவிட்டேன். இல்லை, சொன்ன லட்சணம் எனக்குத்தான் தெரியும். "டார்யா விஷயத்தில் ஒருவேளை பிழை இருக்கலாம், டாக்டர்."

"யாரோட பிழை, மிஸ் டோலி?"

கையிலிருந்த பட்டியலைச் சீராக அடுக்கினேன்.

"நான் கையெழுத்துப் போட்ட பக்கத்துல பிழை இருக்காது. சந்தேகம்னா போர்டு பாத்துக்கும்."

ஒருவேளையாம்! அடி பாவி, நான்தான் தப்பா அடிச்சேன்னு சொன்னா நாக்கா அழுகிடும்?

16 ஏப்ரல், வியாழன்

சுருக்கெழுத்து எடுக்க நான்தான் உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் பதினான்கு பேரும் முடிந்தார்கள். டார்யாவுக்கு நான்கு நிமிடம். தலைவர் மீசைக்காரர், காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார், "மாகாணத்தோட தலைநகர் எது?" மூன்று முறை. அவள் மரியாதையாகச் சிரித்தாள். "பதில் இல்லை" என்று நான் எழுதினேன்.

என் கையில் பென்சில் இருந்தது. நாலு எட்டு வைத்தால் அவள். கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். எழுந்து நின்று கத்தியிருக்கலாம். எழுந்திரிக்கலியே. உக்காந்தே இருந்தேனே.

24 ஏப்ரல், வெள்ளி

முடிந்தது. அறுவையில் குடல்வால் எடுத்ததாக டார்யாவிடம் எழுதிக் காட்டினார்களாம்.

2 ஜூன், செவ்வாய்

அம்மா வந்துவிட்டாள். விதைப்பு முடிந்ததாம். கசகசா வைத்த ரொட்டி ஒன்று எனக்கென்று கொண்டுவந்திருந்தாள்.

விடுவிப்பு ரெஜிஸ்டரும் சேர்க்கை ரெஜிஸ்டரும் ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. பெட்ரோவுக்கு மந்தபுத்தி என்று அடித்தேன். கீழ் வரியில் டார்யாவுக்கு மேற்படி என்று அடித்தேன்.

போகும்போது டார்யா என் மேசைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள், முகத்தில் மட்டும் அத்தனை சிரிப்பு. பென்சிலை எடுத்து எழுதினாள்: "இனி வயிறு வலிக்காது. அறுவடை முடிந்ததும் எனக்குக் கல்யாணம். ஐந்து பிள்ளைகள் வேண்டும் என்கிறான் ஒஸ்டாப். முதலாவது பெண்ணாக இருந்தால் உங்கள் பெயர்தான். இங்கே என்னோடு எழுதிப் பேசியது நீங்கள் ஒருவர்தான். உங்கள் பெயர் என்ன?"

வின்னிஃப்ரெட் டோலி. ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதிக் கொடுத்தேன்.